அவை கலைந்த பின்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியனாய் வகுப்பறையில் நின்றவன் யான். பாடம் முடிந்ததும், "விளங்கிற்றா?" என்று வினவுவது என் வழக்கம். "விளங்கிற்று, ஐயா!" என்று நாற்பது குரல்கள் ஒருங்கே எழும். தொடக்கத்தில் அவ்வொலி செவிக்கு இனிதாகவே இருந்தது. ஒருநாள் ஏதோ ஐயம் தோன்ற, மூன்றாம் வரிசையில் இருந்த மாணவன் ஒருவனை எழுப்பி, அன்று சொன்ன பொருளைத் தன் சொற்களாற் கூறுமாறு பணித்தேன். அவன் விழித்தான். அவனுக்கு அருகில் இருந்தவனும் விழித்தான். என் வினாவிற்கு நாள்தோறும் விடையாக வந்தது அறிவு அன்று, பணிவு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்னும் மகிழ்ச்சியும் அதிற் சிறிது கலந்திருந்தது போலும்.

வகுப்பறைக்கு உள்ள இவ்விடர் பேரவைகளுக்கும் உண்டு. நாடுகள் தம்முட் கொள்ளும் உறவினையும் பகையினையும், வாணிகத்தையும் பொருளுதவியையும், எல்லைப் பூசல்களையும் படைவலியையும் ஆராய்வதற்கென்றே கூடும் மாநாடுகள் பல. ஆசிய நாடுகளின் உறவு குறித்து 1947-ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஒரு பெரிய மாநாடு கூடியது. செர்மனி நாட்டு மியூனிக் நகரில் 1963-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2002-ஆம் ஆண்டிலும், ரெய்சினா உரையாடல் என்னும் பெயராற் புதுதில்லியில் 2016-ஆம் ஆண்டிலும் இத்தகைய மாநாடுகள் தொடங்கப்பெற்றன. அமைச்சரும் தூதரும் படைத்தலைவரும் பேராசிரியரும் இதழாசிரியரும் வந்து அமர்கின்றனர். உரைகள் முடிகின்றன, கைதட்டல் எழுகிறது, பேராளர்கள் வானூர்தி ஏறித் தத்தம் நாடு செல்கின்றனர். இவர்கள் இங்கிருந்து எதனைக் கொண்டு சென்றனர் என்னும் வினா, அவை கலைந்த பின்னரேனும் அதனைக் கூட்டியோர் உள்ளத்தில் எழவேண்டும்.

அதனை அறிவதற்காகவே வந்தோரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. வினாக்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து விடை பெறுதல் பழைய முறை. மின்னஞ்சல் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பெறுதல் இன்றைய முறை. கருவி எதுவாயினும் ஆகுக. கேட்கும் முறையிற் பிழை இருப்பின், கிடைப்பது "விளங்கிற்று, ஐயா!" என்னும் அந்தப் பழைய குரலே.

அப்பிழை எத்தகையது என்பதற்கு என்னையே சான்றாகக் கூறுவேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டிற்குச் சென்றிருந்தேன்; அதன் ஊரும் பெயரும் இங்கு வேண்டா. இறுதி நாள் மாலையிற் கருத்துத் தாள் ஒன்று தந்தனர். முதல் வரியிற் பெயர், அடுத்த வரியில் ஊரும் பணியும் எழுதவேண்டும். யான் எழுதத் தொடங்கியபோது மாநாட்டுச் செயலாளர் என் தோளருகே புன்முறுவலுடன் நின்றார். முந்திய இரவு தம் கையாலேயே எனக்கு உணவு பரிமாறியவர் அவர். பின் வரிசைகளில் இருந்தோர்க்கு உரைகள் கேட்கவில்லை. காலை அமர்வு இரண்டு மணி நேரம் பிந்தித் தொடங்கியது. ஐயம் வினவ ஒருவர்க்கும் நேரம் வாய்க்கவில்லை. இம்மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், "மாநாடு மிகச் சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த ஆண்டும் பின் வரிசையில் ஒன்றும் கேட்கவில்லை என்று, அங்குச் சென்றுவந்த நண்பர் ஒருவர் சொன்னார். அக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு தமிழாசிரியனுக்கே இத்துணைத் தயக்கம் உண்டாயின், நாட்டின் பெயராற் பேசும் தூதர்க்கு எத்துணை உண்டாகும்! விருந்தளித்த நாட்டைக் குறை கூறுதல் அவர் பழகிய நெறிக்கே மாறானது. தாம் எழுதும் ஒரு வரி தம் அரசின் கருத்தாகக் கொள்ளப்படுமோ என்னும் அச்சமும் அவர்க்கு இருக்கும். ஆதலின், அயல்நாட்டுக் கொள்கை பற்றிய அவையிற் கருத்துக் கேட்போர், கேட்கும் முன்னரே தரவேண்டிய பொருள் ஒன்று உண்டு. உண்மை சொல்வார்க்குத் தீங்கு வாராது என்னும் உறுதியே அது.

இவ்வுறுதியின் அருமையை இலண்டன் மாநகரத்தார் ஒருவகையில் முன்னரே உணர்ந்திருந்தனர். அங்கு 1920-ஆம் ஆண்டில் அனைத்துலக உறவுகளை ஆராயும் கழகம் ஒன்று தோன்றிற்று. அது தான் இருக்கும் மனையின் பெயராற் சாத்தம் மாளிகை என்று வழங்கப்பெறும். அக்கழகத்தார் 1927-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தனர்; 1992, 2002 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தியும் அமைத்தனர். அவ்விதியின் கீழ் நடைபெறும் கூட்டத்திற் கேட்ட செய்திகளை எவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால், சொன்னவர் இன்னார், இன்ன அமைப்பைச் சார்ந்தவர் என்பதை வெளியிடுதல் கூடாது. உடனிருந்தோர் இன்னார் என்பதையும் வெளியிடுதல் கூடாது. மேடைப் பேச்சிற்கு ஒன்றும், உள்ளத்துக் கருத்திற்கு ஒன்றுமாக இரு நாவு படைத்த அரசியலாரையும் மனம் திறந்து பேசவைக்க எழுந்த விதி இது. கூட்டத்திற் பேசும் பேச்சிற்கே இக்காப்பு வேண்டுமாயின், கூட்டத்தையே மதிப்பிட்டு எழுதும் எழுத்திற்கு வேண்டாவா?

பெயர் எழுதும் வரியை நீக்கிவிட்டால் இக்காப்புக் கிடைத்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மாநாட்டிற்கு ஒரு சிறு தீவு நாட்டிலிருந்து ஒரே ஓர் அம்மையார் வந்திருக்கிறார் என்று கொள்வோம். தாளிற் பெயர் இல்லை. ஆயினும் நாடு, வயது, பதவி ஆகியவை கேட்கப்பட்டுள்ளன. அவர் நாட்டின் பெயரை எழுதிய அக்கணமே தம் பெயரையும் எழுதியவர் ஆகிறார். நாட்டைக் கேளாது, உலகின் எப்பகுதி என்று மட்டும் கேட்டல் நலம். விடைகளைத் தொகுக்குங்கால், மிகச் சிலரே உள்ள பிரிவினரின் விடையைத் தனியே காட்டாமற் பிறவற்றோடு சேர்த்தே காட்டல் வேண்டும். "எங்கள் நாட்டு அமைச்சரின் உரையைப் பாதியில் நிறுத்தியது முறையன்று" என்று ஒருவர் எழுதியிருப்பாராயின், அவ்வரியை அப்படியே அச்சிடுதல் அவரைக் காட்டிக் கொடுப்பதாகும். "ஓர் உரை பாதியில் நிறுத்தப்பட்டது குறித்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது" என்று அதனைப் பொதுமைப்படுத்துதல் தக்கது.

இனி, வினாவின் அமைப்பு. இதனை இலக்கணம் பயின்ற மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் ஒன்றனை அறிந்திருந்தும், பிறர் அறிவாரா என்று காணக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்பது அத்தகையது. தான் அறியாததை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியா வினா. கருத்துத் தாளில் இருக்கவேண்டுபவை அறியா வினாக்களே. ஆனால், அச்சிட்டு வரும் தாள்களிற் பெரும்பாலன அறிவினாவும் அல்ல, அறியா வினாவும் அல்ல. புகழ்ச்சியை வேண்டி நிற்கும் ஏழாவது வகை ஒன்றை நன்னூலார் அறியார் போலும்! "சிறப்பு மிக்க தொடக்கவுரை தங்களை எத்துணைக் கவர்ந்தது?" என்னும் வினாவில் விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. "உரைகள் தெளிவாகவும் பயனுடையனவாகவும் இருந்தனவா?" என்பது மற்றொரு பிழை. உரை தெளிவாக இருந்தும் பயனற்றிருக்கலாம். பயனுடையதாய் இருந்தும் தெளிவின்றி இருக்கலாம். இரண்டு வினாக்களை ஒரு கயிற்றிற் கட்டிவிட்டு ஒரு விடை கேட்டால் எழுதுவோர் என் செய்வார்?

ரென்சிசு லிக்கர்ட் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் மக்கள் மனப்பாங்கை அளக்க 1932-ஆம் ஆண்டில் ஒரு முறை கூறினார். ஒரு கூற்றினைத் தந்து, அதனை முற்றும் ஏற்கிறீரா, ஏற்கிறீரா, ஏற்பும் மறுப்பும் இன்றி நிற்கிறீரா, மறுக்கிறீரா, முற்றும் மறுக்கிறீரா என ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் செய்தலே அம்முறை. எளிதாக இருத்தலின் இஃது உலகெங்கும் பரவிற்று. இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. எதனைச் சொன்னாலும் "ஆம்" என்று தலையசைக்கும் இயல்பினர் எந்நாட்டிலும் உளர். முகமன் மிகுந்த நாடுகளில் அவர் தொகை மிகுதி. ஆதலின், வினாத்தாள் வகுப்போர் சில கூற்றுக்களைப் புகழ்ச்சியாகவும் சிலவற்றைக் குறையாகவும் கலந்து வைப்பர். "வினாக் கேட்க நேரம் போதவில்லை" என்பதையும், அடுத்த பக்கத்தில் "வினாக் கேட்கப் போதிய நேரம் இருந்தது" என்பதையும் ஒருவர் முற்றும் ஏற்பாராயின், அவர் வினாக்களைப் படிக்கவில்லை என்பது வெளிப்படை.

பல நாட்டார் கூடும் அவையில் மொழியும் இடர் விளைக்கும். ஐக்கிய நாடுகள் அவைக்கு அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், இசுபானியம் என ஆறு மொழிகள் அலுவல் மொழிகளாக உள்ளன. ஆங்கிலத்தில் எழுதிய வினாவைப் பிற மொழிக்குப் பெயர்க்குங்கால், "நன்று" என்பது ஒரு மொழியிற் பெரும் புகழாகவும், மற்றொரு மொழியில் "குற்றமில்லை" என்னும் அளவிற் குறுகியும் நிற்கக் கூடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. பெயர்த்த வினாவை, மூலத்தைக் காணாத வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்க்கச் செய்வர். திரும்பி வந்தது சென்றதை ஒத்திருப்பின் நன்று. இல்லையெனில் மொழிபெயர்ப்பைத் திருத்துவர்.

விடை தந்தோர் சொல்லிய கருத்தை எண்ணி மகிழ்வோர், விடை தாராதவரை மறந்துவிடுகின்றனர். இம்மறதி ஓர் இதழையே வீழ்த்தியது. அமெரிக்க நாட்டில் 1936-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் புகழ் வாய்ந்த இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அவற்றைக் கூட்டிப் பார்த்து, லாண்டன் என்பவர் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவர் ரூசுவெல்ட், அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை அவர் கைப்பற்றினார். சீட்டு அனுப்பிய பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் தொலைபேசியும் உந்துவண்டியும் உடையோர் பட்டியல்கள். அவையே ஒரு பக்கம் சாய்ந்தவை. அதனினும் மேலாக, பெற்றவருள் நான்கில் ஒரு பகுதியினர் அளவிலேயே விடையெழுதினர். ரூசுவெல்ட்டை விரும்பாதவர்க்கு எழுதும் ஊக்கம் மிகுந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவ்விதழ் நின்றுபோயிற்று. இருபது இலட்சம் என்னும் எண் அதனைக் காக்கவில்லை.

மாநாட்டிலும் இதுவே நிகழும். மகிழ்ந்தவர் எழுதுவர், சினந்தவரும் எழுதுவர், பயனின்றி நேரம் கழிந்தது என்று எண்ணியவர் முதல் நாள் நண்பகலிலேயே நகர் காணப் போயிருப்பார். அவரைத் தேடிச் சென்று கேட்பது கடினம். ஆயினும் அவர் விடையே விலையுயர்ந்தது. காலம் தாழ்த்துதலும் ஆகாது. எர்மன் எபிங்கௌசு என்னும் செர்மானிய அறிஞர் தம்மையே சோதித்துப் பார்த்து, கற்றதில் மிகுதியும் முதல் நாளிலேயே மறந்துபோகும் என்று 1885-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு திங்கள் கழித்து வரும் வினாத்தாளைக் கண்டவர்க்கு விருந்தின் சுவை நினைவிருக்கும். இரண்டாம் நாள் மூன்றாம் அமர்விற் பேசப்பட்டது நினைவிராது.

இதுகாறும் கூறியவை விருப்பு வெறுப்பைக் கேட்கும் முறைகள். என் வகுப்பறை வினாவோ, விரும்பினாயா என்பதன்று, விளங்கிற்றா என்பது. அயல்நாட்டுக் கொள்கையிலும் இவ்விரண்டனுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

அமெரிக்காவில் அயல்நாட்டுக் கொள்கைச் சங்கம் என ஒன்று 1918-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் ஒரு திட்டம் தொடங்கிற்று. அயலவர் சிறு குழுக்களாகக் கூடுவர். உலக நடப்புப் பற்றிய நூலொன்றைப் படித்து உரையாடுவர். பின்னர்த் தம் கருத்தைச் சீட்டிற் குறிப்பர். அச்சீட்டுக்கள் எண்ணித் தொகுக்கப்பட்டு ஆட்சியாளர் பார்வைக்குச் சென்றன. ஆனால், உரையாடிய பின் மக்கள் எண்ணுவதையே அச்சீட்டுக் காட்டும். உரையாடலுக்கு முன் அவர்கள் என்ன எண்ணியிருந்தனர் என்பதை அறிய வழியில்லை.

அவ்வழியை ஜேம்ஸ் ஃபிஷ்கின் என்னும் அரசியல் அறிஞர் 1988-ஆம் ஆண்டில் வகுத்துக் கூறினார். அயல்நாட்டுக் கொள்கையில் அம்முறை கையாளப்பட்ட ஒரு கூட்டத்தைச் சற்று விரிவாகக் காண்போம். அது 2003-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் பிலடெல்பியா நகரிற் கூடியது. ஈராக்கின்மீது போர் தொடுப்பதா என்னும் பேச்சு அமெரிக்கா எங்கும் நிறைந்திருந்த காலம் அது; மார்ச்சுத் திங்களிற் போரும் மூண்டது. கூடியவர் 343 பேர். அவர்கள் அமைச்சரும் அல்லர், தூதரும் அல்லர். நாட்டின் எப்பகுதியாரும் எத்தொழிலாரும் அமையுமாறு, குடவோலை எடுத்தாற்போல நடுநிலையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட பொதுமக்கள். உலகில் அமெரிக்கா ஆற்றவேண்டிய பங்கு யாது என்பதே ஆய்வுப்பொருள்.

அழைக்கும்போதே அவர்களிடம் ஒரு வினாத்தாளுக்கு விடை பெறப்பட்டது. பின்னர், பல திறத்தார் கருத்தையும் ஒப்பக் கூறும் படிப்புநூல் அனுப்பப்பட்டது. பிலடெல்பியாவிற் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து பேசினர். தம் ஐயங்களைத் திரட்டி வல்லுநரிடம் வினவினர். விடைபெறும் முன் அதே வினாத்தாளை மீண்டும் பெற்றுத் தனித்தனியே விடை எழுதினர்.

இரண்டு தாள்களையும் ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஏழை நாடுகளுக்கு அமெரிக்கா அளிக்கும் பொருளுதவி, அந்நாட்டு நடுவண் அரசின் செலவில் 100-க்கு 1 பங்கு அல்லது அதனினும் குறைவு. இதனை வருமுன் அறிந்திருந்தவர் ஐவருள் ஒருவர் அளவினரே. செலவின் பெரும்பகுதி அயல்நாட்டாருக்கு வாரி வழங்கப்படுகிறது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருந்தது. திரும்பும்போது, உண்மை அறிந்தவர் ஐவருள் மூவருக்கும் மிகுதியாயினர். உதவியைக் கூட்டவேண்டும் என்றவர் முதலில் 100-க்கு 20 பேர். இறுதியில் 53 பேர்.

இவ்வெண்களை ஊன்றி நோக்குக. வெறுந் தவறான கணக்கு ஒன்று, மருந்தும் உணவும் எதிர்நோக்கியிருக்கும் வேறொரு கண்டத்து மக்களின் தலைவிதியோடு பிணைந்து கிடந்தது. மாநாட்டின் முடிவில் மட்டும் கேட்டிருந்தால், நாட்டு மக்கள் இயல்பாகவே உதவியைக் கூட்ட விரும்புகின்றனர் என்று தவறாகக் கொண்டிருப்பர். தொடக்கத்தில் மட்டும் கேட்டிருந்தால், குறைக்க விரும்புவோரின் குரலே கேட்டிருக்கும். "மாநாட்டால் உங்கள் கருத்து மாறியதா?" என்று கேட்பதும் பயன்தாராது, மனிதன் தன் இன்றைய கருத்தையே என்றும் கொண்டிருந்ததாக எண்ணும் இயல்பினன்.

கருத்து மாறியது என்பதனாலேயே நன்று என்று கொள்ளலாமா? கூடாது. ஆசிரியர் தம் விருப்பத்தைத் திணித்தாலும் மாணவர் கருத்து மாறும். இதனையும் இம்முறையை வகுத்தோர் மறந்திலர். குழுவை நடத்தியவர் தம் கருத்தின் பக்கம் இழுத்தாரா, அனைவர்க்கும் பேச இடம் கிடைத்ததா, படிப்புநூல் ஒருபாற் கோடியிருந்ததா என்றும் வந்தோரிடமே கேட்பர். முதல் வினாத்தாளுக்கு விடை கூறிவிட்டுக் கூட்டத்திற்கு வாராதிருந்தோரின் விடைகளையும் எடுத்து, வந்தோரின் முதல் விடைகளோடு ஒப்பிடுவர். 1936-ஆம் ஆண்டின் இதழாசிரியர் செய்யத் தவறியது இதுவே.

அமைச்சரும் தூதரும் கூடும் மாநாட்டில் இவ்வளவும் செய்தல் அரிது. தூதர்க்குத் தேர்வு வைத்தல் அவைக்கு ஒவ்வாது என்பர். யானும் அதனை ஒப்புவேன். ஆயினும், "இங்கு வந்தபின் நீங்கள் முதன்முறையாக அறிந்த செய்தி யாது? எந்த நாட்டாரின் நிலையை முன்னினும் நன்கு உணர்ந்தீர்? யாருடைய குரல் இங்கு ஒலிக்கவில்லை?" என்னும் மூன்று வினாக்களை, வெற்றிடம் விட்டுக் கேட்பதில் யாருக்கும் இழுக்கு இல்லை. மூன்றாம் வினாவிற்கு வரும் விடைகளே அடுத்த ஆண்டின் அழைப்புப் பட்டியலை எழுதும். வந்த விடைகளின் சுருக்கத்தை, குறை கூறியவற்றையும் மறையாது, எழுதியவர்க்கே திருப்பி அனுப்பவேண்டும். அனுப்பாத இடத்தில் அடுத்த முறை எவரும் எழுதமாட்டார்.

மூன்றாம் வரிசை மாணவன் விழித்த அந்நாளுக்குப் பின், "விளங்கிற்றா?" என்று கேட்பதை யான் விட்டொழித்தேன். வாரத்தின் இறுதி நாளில் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டா. விளங்கியது ஒன்று, விளங்காதது ஒன்று, இவ்விரண்டே எழுதுக என்றேன். முதல் முறை வந்த தாள்களை வீட்டுத் திண்ணையிற் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில், யான் மிக அழகாக விளக்கியதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே பகுதியை விளங்காதது என்று எழுதியிருந்தனர். திங்கட்கிழமை முதல் மணியில் அப்பகுதியையே மீண்டும் தொடங்கினேன்.